ஒரு நாற்காலி அகலம்

சுவிஸில் ஸ்டைன்விலர் நகரத்து யூதர்களின் ஜெபக்கூடம், சபையில் ஒருவர் இறந்து அவருக்கான பிரார்த்தனை சொல்லி முடிந்ததும் ஒரு நாற்காலி அகலம் ஒடுங்கிவிடும். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு செத்தவீட்டுக்குப் பிறகும் நகரசபையின் நில அளவையாளர் தன் முக்காலியோடு வருவார், அளப்பார், வரைபடத்தில் பழைய கோட்டை அழித்துப் புதிய கோடு போடுவார், பிக்கார் அம்மாள் கொடுக்கும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போவார். சுவர் நகரும் பக்கத்தில் இருப்பது ஏஷ்லிமன் குடும்பத்தின் கராஜ். யூதர்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாக அந்தக் கராஜுக்கு இடம் கூடிக்கொண்டே வந்தது. அதற்காக ஏஷ்லிமன்கள் யாருடைய சாவையும் விரும்பினார்கள் என்று சொன்னால் அது பாவம். ஒவ்வொரு தடவையும் மலர்வளையம் அனுப்பினார்கள். யூதர்கள் செத்தவீட்டில் பூ வைப்பதில்லை என்று நூறு வருடமாக யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வளையம் படியில் கிடந்து வாடும்.

சபை தொடங்கியது அல்சாஸ் பக்கத்திலிருந்து வந்த மாட்டு வியாபாரிகளால். சொந்த வீடு வாங்கவே அனுமதி கிடையாது என்றிருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. நீள வாங்கு போட்டால் நெருக்கியடித்து உட்கார வேண்டும், ஆளுக்கொரு நாற்காலி இருக்கட்டும் என்று யாரோ ஒரு பெரிய மனிதர் சொல்ல, குடும்பங்கள் தங்கள் தங்கள் நாற்காலியைச் செய்வித்துக் கொண்டுவந்து போட்டன. மாட்டு வியாபாரிகளின் பிள்ளைகள் துணிக்கடை வைத்தார்கள், துணிக்கடைக்காரர்களின் பிள்ளைகள் டொக்டர்களாகி சூரிச்சுக்கும் பாசலுக்கும் போனார்கள். போனவர்கள் நாற்காலியையும் சாமான்களோடு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவர் அன்று மாலையே உள்ளே வந்தது. மிச்சம் இருந்தவர்கள் ஊரிலேயே செத்தார்கள். அவர்களுக்குக் கடிஷ் சொல்லப்பட்டது. கடிஷ் என்பது செத்தவருக்காக நின்றுகொண்டு சொல்லும் பிரார்த்தனை. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம், கடவுளைப் புகழ்வது மட்டுந்தானாம். ஆனால் அதைச் சொல்லப் பத்து ஆண்கள், பத்தும் யூதர்களாய், கூடி நிற்க வேண்டும். ஒன்பது பேர் நின்று என்ன கத்தினாலும் அது செல்லாது.

1984ஆம் ஆண்டு, நம்முடைய ஈழத்து ஆட்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கிய நேரத்தில், சபையில் எஞ்சியிருந்தவர்கள் மொத்தம் நால்வர். துணிக்கடை சிமோன் போலாக், பிக்கார் அம்மாள், காது கேளாத இரண்டு சகோதரர்கள். ஆனால் நாற்காலிகள் ஏழு இருந்தன. அந்த மூன்றின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

1942இல், நாஜிகளுக்குத் தப்பி ஜூரா மலையைத் தாண்டி ஒரு தகப்பனும் தாயும் மகளும் நடந்து வந்து ஜெபக்கூடத்துக் கதவைத் தட்டினார்கள். பெல்ஜியத்து அன்ட்வெர்ப்பில் வைரம் தீட்டுகிற குடும்பம். போலாக்கின் தகப்பன்தான் அப்போது சபைத் தலைவர். மனிதர் பயந்தாலும் கதவைத் திறந்தார். மகளின் பெயர் மிர்யாம். சிமோனுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அவள் குளிர்கிறது என்றாள், அவன் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அந்த மனிதருக்கு அதுவே ஆயுளுக்கும் போதுமாக இருந்தது. விடியும்போது சுவர் மூன்று நாற்காலி அகலம் வெளியே தள்ளியிருந்தது, உள்ளே யாரும் செய்விக்காத மூன்று நாற்காலிகள் இருந்தன. ஏனென்றால் அந்தக் கட்டடம் தன்னிடம் தஞ்சம் வந்தவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், பாழாய்ப் போன கட்டடம், வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. கராஜ் அப்போது கொல்லன் பட்டறை. கிழவன் ஏஷ்லிமன் தன் பட்டறைக் கதவு நெரிந்து கிடப்பதைக் கண்டு பொலிஸுக்குப் போனார். ஒழுங்கு குலைந்தால் சொல்லத்தானே வேண்டும் என்பது அவர் கருத்து. அன்று மாலையே மூவரையும் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் விட்டார்கள். மறுநாள் சுவர் திரும்பி வரும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வரவில்லை. அவர்கள் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, கடிஷும் சொல்லப்படவில்லை. யுத்தம் முடிந்த பிறகு போலாக் விசாரித்தார், தடயம் இல்லை என்று பதில் வந்தது. தடயம் இல்லை என்றால் செத்ததாக அர்த்தம் இல்லை என்று சொல்லிவிட்டு, கலியாணம் கட்டாமல், மூன்று நாற்காலிகளையும் வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துக்கொண்டு நாற்பது வருடம் இருந்தார். மனிதருக்கு ஒரு ஆணி கழன்றுவிட்டது என்றே ஊர் பேசியது.

குலேந்திரன் யாழ்ப்பாணத்து அளவெட்டியான். கொழும்பு, கிழக்கு பெர்லின், பாசல் என்று சுற்றி ஸ்டைன்விலரில் ஒரு றெஸ்டோரன்டில் கோப்பை கழுவ வந்து சேர்ந்தான். சனிக்கிழமை காலைகளில் ஜெபக்கூடத்தில் வேலை இருப்பதாக அங்கே யாரோ சொன்னார்கள். யூதர்கள் சனிக்கிழமையில் நெருப்பு மூட்டக் கூடாது. வேறு மதத்துக்காரன் மூட்டினால் குளிர்காயலாம், ஆனால் மூட்டு என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. அவனாகவே விளங்கிக்கொள்ள வேண்டும். இதை யார் குலேந்திரனுக்குச் சொன்னது? முதல் சனிக்கிழமை போலாக் அவனைப் பார்த்து, "இண்டைக்கு இஞ்சை குளிருது" என்றார். அவர் பேசியது இந்தப் பக்கத்து ஜெர்மன்தான். குலேந்திரன் பிறகு நமக்குச் சொன்ன தமிழிலேயே தருகிறேன். "ஓம், குளிருது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றான் குலேந்திரன். அடுத்த சனிக்கிழமையும் அவர் குளிருது என்றார், இவனும் ஓம் என்றான். சபை முழுவதும் மேல்கோட்டோடு நடுங்கிக்கொண்டு கடவுளைப் புகழ்ந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை பிக்கார் அம்மாள் கணப்பின் முன்னால் போய் நின்று பெருமூச்சு விட்ட பிறகுதான் இவனுக்கு மண்டையில் பட்டது. அதன் பிறகு ஒரு குறையும் இல்லை. இருட்டாக இருக்கிறது என்றால் விளக்குப் போடுவான், காற்று வருகிறது என்றால் யன்னலைச் சாத்துவான்.

1986இல் அவன் மனைவி யசோதரா வந்து சேர்ந்தாள். அதற்குள் காது கேளாத சகோதரர்கள் ஒரே குளிர்காலத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள், சுவர் இரண்டு நாற்காலி உள்ளே வந்தது. மறு ஆண்டு இலையுதிர்காலத்தில் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடும் தோற்றுப் போயிற்று. கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்கு எந்தக் காலையிலும் பொலிஸ் வரலாம், யசோதரா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அந்த நாளில் திருப்பி அனுப்பப்பட்டவனைக் கொழும்பில் யார் கூட்டிப்போகிறார்கள், எங்கே கூட்டிப்போகிறார்கள் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். இவர்களுடைய ஒஃபிசுகளுக்குத் தெரியாது, அல்லது தெரிய விருப்பமில்லை. அந்தச் சனிக்கிழமை குலேந்திரன் கணப்பை மூட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னான். போலாக் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்த்தபடி, மேல்மாடியில் பெண்கள் இருக்கும் பகுதி குளிர்காலத்தில் நல்ல கதகதப்பு என்றார். மூன்று சனிக்கிழமை இந்தத் தடவை தேவைப்படவில்லை. குலேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் இருவர் உள்ளே வந்தால் சுவர் இரண்டு நாற்காலி வெளியே போகும், மகன் ஏஷ்லிமன் காண்பார், பொலிஸ் வரும். போலாக் இதை ஒருமுறை பார்த்தவர். சுவர் அசையாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. நாற்பத்தைந்து வருடமாக மறுத்த காரியத்தை அவர் அந்த வாரம் செய்தார். பீலிலிருந்தும் பெர்னிலிருந்தும் ரயிலில் ஒன்பது ஆண்களை வரவழைத்து, ஒரு புதன்கிழமை பின்னேரம், அன்ட்வெர்ப் தகப்பனுக்கும் தாய்க்கும் கடிஷ் சொன்னார். ரிட்டர்ன் டிக்கெட்டோடு வருபவர்களைச் சுவர் கணக்கில் எடுப்பதில்லை. சொல்லி முடிந்ததும் இரண்டு நாற்காலிகள் இருந்த இடத்தில் இல்லை, சுவர் உள்ளே வந்துவிட்டது. அப்படியானால் அவர்கள் உண்மையாகவே செத்துத்தான் போயிருக்கிறார்கள் என்று அறிந்துகொண்டு போலாக் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். இருட்டத் தொடங்கும் செக்கலோடு குலேந்திரனும் யசோதராவும் இரண்டு பெட்டிகளுடன் வந்தார்கள், சுவர் பழைய இடத்துக்குப் போயிற்று. புதன்கிழமை ஏஷ்லிமன் சீட்டு விளையாடப் போகும் நாள். அவர் ஒன்றையும் காணவில்லை.

குளிர்காலம் முழுவதும் அவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்பது ஒன்றே போலாக் போட்ட நிபந்தனை. பருப்புக்கும் புட்டுக்கும் தடை இல்லை. பிக்கார் அம்மாள் ஒருநாள் சம்பலைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் தும்மினார், மறுநாளும் வந்து கேட்டார். கீழே சுவர் ஓரமாக, போலாக்கின் நாற்காலிக்குப் பக்கத்தில், மிர்யாமின் நாற்காலி இருந்தது. அது யாருக்கு என்று யசோதரா கேட்க, குலேந்திரன் மொழிபெயர்க்க, போலாக் கையுறைக் கதை வரை சொன்னார். யசோதரா அந்த நாற்காலியின் முதுகைத் தொட்டாள். பிறகு, "அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போய் மூண்டு வருசம். அம்மா இன்னும் அந்தியேட்டி செய்யேல்லை. செய்தால்தான் அவன் செத்துப்போவான் எண்டு சொல்லுறா" என்றாள். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி என்றால் என்ன என்பதைக் குலேந்திரன் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லப் பார்த்தான். போலாக் கையைக் காட்டி நிறுத்தினார், விளங்கிவிட்டது என்றார்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை முற்பகல் பிள்ளை பிறந்தது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த பிக்கார் அம்மாள்தான் பார்த்தார். பெண் பிள்ளை. இவ்வளவு மாதமும் சுவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த இத்தனை பேரில் ஒருவருக்காவது, பிறக்கிற பிள்ளைக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பது தோன்றவில்லை பாருங்கள். கயிற்றுத் தொட்டில் கட்டுவதற்குக் கூட இடம் பார்த்து வைத்திருந்தார்கள்! பிள்ளை முதல் தடவை அழுததும் சுவர் வெளியே போயிற்று, கராஜில் நின்ற சிவப்பு ஓப்பல் காரின் கதவு நசுங்கிற்று. ஏஷ்லிமன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜெபக்கூடத்து வாசலில் நின்றார். உள்ளேயிருந்து வந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தகப்பனின் மகன். திங்கட்கிழமை காலைக்குள் சுவர் இருந்த இடத்துக்கு வந்துவிட்டால் தான் ஒன்றும் காணவில்லை என்றும், வராவிட்டால் நில அளவையாளருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும், அளவையாளர் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்பார் என்றும் போலாக்கிடம் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

மிச்சம் இருந்தது மிர்யாமின் நாற்காலி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை போலாக் வழக்கம்போல அதைத் துடைத்தார், கொஞ்சம் கூடுதல் நேரம் துடைத்தார், பிறகு கடைக்குப் போய் பீலுக்கும் பெர்னுக்கும் டெலிபோன் எடுத்தார். யசோதராவுக்கு விஷயம் தெரிந்தபோது பச்சை உடம்போடு படியிறங்கி வந்தாள். "எங்கடை பிள்ளைக்காக அந்தப் பிள்ளையைச் சாகக் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் போறம்" என்றாள் புருசனிடம். குலேந்திரன் அதை அப்படியே சொன்னான். போலாக் மேல்மாடிக்கு ஏறினார். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கை சில்லென்று இருக்கிறது என்றார். மறுநாள் கம்பளி நூலில் பின்னிய சின்னக் கையுறை ஒரு சோடி படியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் வந்தார்கள். போலாக் எழுந்து நின்று மிர்யாமின் பெயரையும் அவள் தகப்பனின் பெயரையும் சொல்லி, கடிஷைத் தொடங்கினார். குரல் நடுங்கியது, பாதியில் நின்றது, பீலிலிருந்து வந்த பல்வைத்தியர் மெதுவாக அடியெடுத்துக் கொடுக்க மறுபடி தொடர்ந்தது. ஆமென் சொன்னார்கள். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் அசையவில்லை. நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏதாவது பிழைத்துவிட்டதோ என்று முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்கள். அப்போதும் அசையவில்லை. போலாக்தான் முதலில் விளங்கிக்கொண்டார். அந்த மனிதர் சிரித்ததை ஸ்டைன்விலரில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. "உயிரோடை இருக்கிறாள்" என்றார். எங்கே, யாரோடு, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அந்த நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு சிரித்தார், கண்ணீர் தாடையால் வழிந்தது. பிக்கார் அம்மாளும் அழுதார். பெர்னிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். பிறகு மேல்மாடியில் பிள்ளை அழுதது, எல்லோருக்கும் சுவர் நினைவு வந்தது.

பின்னேர ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. போலாக் முகத்தைத் துடைத்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு இஞ்சை இடம் நெருக்கமாய் இருக்கு" என்றார்.

முதலில் விளங்கிக்கொண்டவன் குலேந்திரன். இத்தனை வருடம் குளிருது, இருட்டுது என்று கேட்டுப் பழகியவன் அல்லவா. "வேண்டாம், ஐயா" என்றான். மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பல்வைத்தியர் கோபப்பட்டார். உயிரோடு இருப்பவருக்குக் கடிஷ் சொல்வது எந்தச் சட்டத்திலும் இல்லை என்றார். சொல்லத் தொடங்கினால் போலாக் செத்தவராகிவிடுவார், அப்போது ஆண்கள் ஒன்பது பேர்தான் மிஞ்சுவார்கள், சொன்னது செல்லாது என்றும் சொன்னார். அது நல்ல வாதம். அவர்கள் அந்த நெருக்கடியிலும் ஒரு மணித்தியாலம் அதை விவாதித்தார்கள். சபை என்று ஒன்று இருந்ததற்கான கடைசி அடையாளம் அந்த விவாதம்தான் என்று பிக்கார் அம்மாள் பிறகு பெருமையாகச் சொல்வார். கடைசி ஆமென் வரைக்கும் அவர் உயிரோடு இருப்பவராகவே கணக்கு என்று தீர்ந்தது. அவருக்குப் பிள்ளை இல்லாததால் அவரே தனக்குச் சொன்னார். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. கடைசி ஆமெனோடு, நின்றுகொண்டிருந்த அவருக்குப் பின்னால் நாற்காலி இல்லை, சுவர் உள்ளே வந்தது, கராஜில் ஓப்பலின் கதவு தானாகத் திறந்து மூடியது. போலாக் தொப்பியை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனார். திங்கட்கிழமை காலை ஏஷ்லிமன் அளந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தார். கடை திறந்திருந்தது, துணி வாங்கப் போனால் வெட்டிக் கொடுத்தார். ஆனால் பனியில் நடந்தால் தடம் விழவில்லை, குளிரில் வாயிலிருந்து ஆவி வரவில்லை, நகரசபைக்காரர்கள் அறுபத்தைந்து வயதுக்காரர்களுக்கு அனுப்பும் வாழ்த்துக்கு அவர் பெயரை இனி எடுக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தார்கள். பீலில் பத்துப் பேர் கூடுவதற்கு ஒரு ஆள் குறைந்தபோது அவரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் பயனில்லை. ஜெபக்கூடத்துக்குள் அவர் காலடி வைக்கவில்லை, வைத்தால் சுவர் நகரும். சனிக்கிழமைகளில் வெளியே யன்னலுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே பிக்கார் அம்மாள் தனியாகச் சொல்லும் பிரார்த்தனைக்கு உதட்டை அசைப்பார். முதல் சனிக்கிழமை குலேந்திரன் கணப்பை மூட்டிவிட்டு யன்னலைத் திறந்தான். வாங்கோ என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை.

"இண்டைக்கு வெளியிலை குளிருது, ஐயா" என்றான்.

"ஓம், குளிருது" என்றார் போலாக், மரியாதையாக, கைகட்டி நின்றபடி.

குலேந்திரன் யன்னலை மூடவில்லை. அந்தக் காலை முழுக்க உள்ளே இருந்த சூடெல்லாம் தெருவுக்குப் போயிற்று, பிக்கார் அம்மாள் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு பிரார்த்தனையைத் தொடர்ந்தார்.

1989 இறுதியில், மனிதாபிமான அடிப்படை என்று சொல்லி, கன்டோன் அரசு அவர்களுக்கு இருப்பதற்கு அனுமதி கொடுத்தது. யசோதரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் தெருவில் இறங்கி, யன்னலடியில் நின்றவரிடம் காட்டினாள். ஜெயகௌரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைக்குக் கையுறை சிறிதாகிவிட்டிருந்தது. அவர் அதைப் பார்த்து, வேறு பின்னச் சொல்ல வேண்டும் என்றார். அந்தக் கிழமையே போலாக் கடைக்குள் செத்துக் கிடந்தார். புதைப்பதற்கு வந்த பல்வைத்தியரும் மற்றவர்களும் குழியைச் சுற்றி நின்றார்கள், சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாயிற்று. மண்ணைப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனார்கள். குலேந்திரன் ஒருவன்தான் நின்று, தன் தகப்பனுக்குச் சொன்ன தேவாரத்தைச் சொன்னான். அளவையாளர் வந்தார், அளந்தார், மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதினார்.

பிக்கார் அம்மாளும் அந்தக் குளிர் முடியுமுன் போய்விட்டார், பத்துப் பேர் ரயிலில் வந்து அவருக்குக் கடிஷ் சொன்னார்கள். குலேந்திரன் குடும்பம் லாங்கன்தாலில் வீடு எடுத்தது, அவனுக்கு அங்கே ஃபக்டரியில் வேலை. போகும்போது நாற்காலிகளை ஏற்றவில்லை. இப்போது ஜெபக்கூடம் நான்கு நாற்காலி அகலம், மூன்று நம்முடைய ஆட்களுடையது, ஒன்று மிர்யாமுடையது. சனிக்கிழமை தோறும் அவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள். குளிருது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் குலேந்திரன் கணப்பை மூட்டுகிறான். யசோதரா ஒரு நாற்காலியைத் துடைக்கிறாள். அந்தச் சுவருக்கு இவ்வளவு தெரியும்போது அண்ணனைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒருத்தி அவளிடம் சொன்னாள். அண்ணைக்கு அங்கே நாற்காலி இல்லாதது நல்லதாய்ப் போச்சு என்றாள் யசோதரா. அளவெட்டியில் தாய் இன்னும் அந்தியேட்டி செய்யவில்லை.

ஏஷ்லிமன் அந்தச் சிவப்பு ஓப்பலைப் பழைய இடத்தில்தான் நிறுத்துகிறார், ஆனால் சுவரோடு ஒட்டி நிறுத்துவதில்லை. ஒரு நாற்காலி அகலம் விட்டு நிலத்தில் வெள்ளைக் கோடு கீறியிருக்கிறார், வேலையாட்கள் யாராவது அதற்குள் டயரை வைத்தால் பேசுகிறார். ஏன் என்று கேட்டவர்களிடம், சுவர் எப்போதாவது நகர்ந்தால் கார்க் கதவுக்குக் கேடு வரக்கூடாது என்று மட்டும் சொல்கிறார்.